‘அப்பவே சொன்னேன்’ என்கிறவர்களுக்கு ஒரு டீச்சரின் பதில்



கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள். பாதியில் லைக் போட்டுவிட்டு ஓடினால், கமெண்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். கட்டுரை நோட்டு திருத்தித் திருத்தியே கண்ணாடி போட்டவள் நான்.

விஷயம் ஆஸ்திரேலிய ஃபுட்டி. ஊரில் இருக்கிறவர்கள் “டீச்சருக்கு எதுக்கு இந்த வயசுல பந்து விளையாட்டு” என்று சிரிக்க வேண்டாம். மெல்போர்னில் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை வீட்டில் வேறு பேச்சே கிடையாது. மாப்பிள்ளை கார்ல்டன் அணிக்காரர். இங்கேயே வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் வேறு அணி. இரண்டு பேரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். அதுதான் அவர்கள் செய்த தப்பு.

போன வாரம் அந்தக் குழுவில் ஒரு சண்டை. என் மாணவனுடைய அணியில் இருபது வயதுப் பையன் ஒருவன், தடுப்பாட்டக்காரன். பெயர் எழுத மாட்டேன்; என் பேரனுக்கு அண்ணன் வயதுதான் இருக்கும். “இந்த வருஷம் பரவாயில்ல, முன்னேறி வர்றான்” என்று ஒருவர் எழுதினார். உடனே என் மாணவன், “வேஸ்ட். மூணு வருஷமா பாக்கறேன். தேற மாட்டான்” என்று போட்டான். அதற்குப் பதினோரு பேர் கைதட்டல். அப்போது மாப்பிள்ளை உள்ளே வந்து, “எங்க வைட்டரிங் மாதிரி ஆளெல்லாம் பிறவியிலேயே வரணும்ப்பா. அப்பவே சொன்னேன்” என்று எழுதினார்.

மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளக் கூடாது. அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது எனக்குத் தெரியும். 2018-ல் நான் முதன்முதலாக இங்கே வந்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊரில் உள்ளவர்களுக்காக முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். முட்டை வடிவ மைதானம், முட்டை வடிவப் பந்து. ஒரு பக்கத்துக்கு 18 பேர். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. ஓரத்து இடைவெளியில் போனால் ‘பிஹைண்ட்’, 1 புள்ளி. 15 மீட்டராவது உதைபட்டு வரும் பந்தை, இடையில் யார் கையும் படாமல் பிடித்துவிட்டால் அது ‘மார்க்’. பிடித்தவர் நிதானமாகப் பின்னால் போய், யாரும் மேலே விழாமல் உதைக்கலாம். கம்பத்துக்குப் பக்கத்தில் எதிரணியின் உயரமான ஆள் ஒருவர் மார்க் பிடித்தால் பெரும்பாலும் கோல்தான்.

அவரைப் பிடிக்கவிடாமல் செய்வதுதான் ஃபுல் பேக்கின் வேலை. சொல்வதற்கு எளிது. முன்னே நிற்கிறவருக்குத் தான் எந்தப் பக்கம் ஓடப்போகிறோம் என்பது தெரியும், தடுக்கிறவருக்குத் தெரியாது. ஒரு கண் பந்தின் மேல், ஒரு கண் ஆளின் மேல். முதுகில் கை வைத்துத் தள்ளினால் ஃப்ரீ கிக். பிடிக்கப்போகிற கையை வெட்டினால் ஃப்ரீ கிக். 2008 இறுதிப்போட்டியில் ஹாதார்ன் அணி 11 முறை பந்தைத் தானே தன் கோட்டுக்குப் பின்னால் தள்ளி, ஒரு புள்ளி போனால் போகட்டும் என்று தப்பித்தது. அடுத்த வருஷமே விதி வந்தது, வேண்டுமென்றே அப்படித் தள்ளினாலும் ஃப்ரீ கிக். 2019 முதல் நடுவில் பந்து போடும்போது ஒவ்வொரு பகுதியிலும் ஆறு ஆறு பேர்தான் நிற்க வேண்டும் என்றும் விதி. துணைக்குக் கூடுதலாக ஒருவரை முன்கூட்டியே பின்னால் நிறுத்திவைக்க முடியாது.

இதெல்லாம் போக மீதி என்ன இருக்கிறது? கைமுஷ்டி. பந்து எதிராளியின் விரலில் படுவதற்கு ஒரு நொடி முன்னால் குத்தித் தள்ளிவிட வேண்டும். இதற்குப் பெயர் ‘ஸ்பாயில்’. அதாவது கெடுப்பது. ஒரு மனிதன் வாழ்நாள் தொழிலாகச் செய்வதற்கு வைத்த பெயரைப் பாருங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். அதிகாரப்பூர்வப் புள்ளிவிவரத்தில் இந்தக் குத்துகளையும், உதைக்கிறவர் காலடியில் விழுந்து பந்தை மறிப்பதையும், சக ஆட்டக்காரருக்கு உடம்பால் அரண் கொடுப்பதையும் ஒன்றாக மூட்டை கட்டி ‘ஒன் பெர்சென்டர்’ என்கிறார்கள். ஒரு சதவீத வேலையாம்! நடுக்கள ஆட்டக்காரர் ஒரு நாளில் 25, 30 தடவை பந்தைத் தொடுவார். திரையில் எண் ஏறிக்கொண்டே போகும். ஃபுல் பேக் அதில் பாதிகூடத் தொடாத நாள் உண்டு. அவர் நன்றாக ஆடினார் என்றால் எதிராளி கோல் போடவில்லை என்று அர்த்தம். நடக்காத ஒன்றை எந்தக் கட்டத்தில் எழுதுவது? நடுவர்கள் ஓட்டுப் போட்டுத் தரும் பிரௌன்லோ பதக்கமும் பல வருஷமாகப் பெரும்பாலும் நடுக்கள ஆட்டக்காரர்களுக்கே போகிறது.

இப்போது 2018-க்கு வருகிறேன்.

ஜேக்கப் வைட்டரிங்கை கார்ல்டன் 2015 டிராஃப்டில் நாட்டிலேயே முதல் ஆளாக எடுத்தது. டிராஃப்ட் என்பது வருஷா வருஷம் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது; கடைசி இடத்தில் முடித்த அணிக்கு முதல் வாய்ப்பு. 2016-ல் பதினெட்டு வயதிலேயே களமிறங்கி எல்லோரும் மெச்சும்படி ஆடினார். அப்புறம் அந்த மெருகு குறைந்தது. முன்வரிசையிலும் நிறுத்திப் பார்த்தார்கள். 2018-ல் கார்ல்டன் 22 ஆட்டத்தில் 2 மட்டும் ஜெயித்துக் கடைசி இடம். வீட்டில் ஒவ்வொரு வாரமும் எழவு விழுந்த மாதிரி இருக்கும்.

மாப்பிள்ளை அப்போது சொன்ன வார்த்தைகளில் அச்சேறத் தகுந்தது ஒன்றுதான்: “முதல் ஆளா எடுத்து வீணாப்போச்சு.” மற்றவற்றைப் பொது இடத்தில் எழுத முடியாது.

எனக்கு ஆட்டம் புரியாது. ஆனாலும் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெரிந்தது. நடுவில் பந்தை இழந்துகொண்டே இருந்தார்கள். அலை அலையாகப் பந்து பின்னால் வந்து விழுகிறது. மேலே ஏரிக்கரை உடைந்து வெள்ளம் வருகிறது; கடைசி வயல்காரன் வரப்பை ஒழுங்காகப் போடவில்லை என்று திட்டுகிறோம். கேமராவும் கோல் விழும் நேரத்தில் அவர் முகத்தைத்தான் காட்டுகிறது. இருபது வினாடிக்கு முன்னால் எழுபது மீட்டர் தள்ளிப் பந்தை நழுவவிட்ட மகானுபாவனைக் காட்டுவதில்லை.

அந்த வைட்டரிங் 2020-ல் ஜான் நிக்கல்ஸ் பதக்கம் வாங்கினார். கார்ல்டனின் அந்த வருஷத்துச் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். 2018-லிருந்து எண்ணினால் இரண்டே வருஷம். “பிறவியிலேயே வரணும்” என்று இப்போது சொல்லும் வாய்தான் அப்போது “வீணாப்போச்சு” என்றது. இரண்டும் ஒரே தப்பு என்கிறேன் நான். இரண்டிலும் அந்தப் பையன் நடுவில் செய்த உழைப்புக்கு இடமே இல்லை. முதலில் ஒன்றுமில்லாதவன், பிறகு பிறவி மேதை. வளர்ந்த இரண்டு வருஷத்தை யார் பார்த்தார்கள்?

அவர் ஒருவர் மட்டும் என்று நினைக்காதீர்கள். அலெக்ஸ் ரான்ஸ் ரிச்மண்டுக்கு 2009-ல் ஆட வந்தார். நாட்டின் சிறந்த அணி என்று அறிவிக்கும் ‘ஆல் ஆஸ்திரேலியன்’ பட்டியலில் முதன்முதலாக இடம் பிடித்தது 2014-ல். ஐந்து வருஷம் கழித்து! அதன் பிறகு 2018 வரை தொடர்ந்து ஐந்து முறை. 2017-ல் ரிச்மண்ட் 37 வருஷத்துக்குப் பிறகு கோப்பை வாங்கியபோது பின்வரிசையின் தூண் அவர்தான். மூன்றாம் வருஷத்திலேயே “தேற மாட்டான்” என்று எழுதியிருந்தால் அந்தத் தூண் எங்கே?

சாம் காலின்ஸை ஃப்ரீமான்டில் அணி 2017 முடிவில் விடுவித்துவிட்டது. 2018 முழுவதும் ஒரு படி கீழே, வெரிபி அணிக்கு ஆடினார். 2019-ல் கோல்ட் கோஸ்ட் எடுத்துக்கொண்டது. 2020-ல் அந்த அணியின் சிறந்த ஆட்டக்காரர் அவர். டாம் ஸ்டூவர்ட்டை ஜீலாங் அணி 2016 டிராஃப்டில் 40-வது ஆளாக எடுத்தபோது அவருக்கு வயது 23. பதினெட்டு வயதுப் பிள்ளைகளை எடுக்கும் இடத்தில் அது முற்றிய வயது. அதுவரை உள்ளூர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தவர், 2018-லேயே ஆல் ஆஸ்திரேலியன்.

உயரமான தடுப்பாட்டக்காரர்கள் ஏன் தாமதமாகத் தேறுகிறார்கள் என்று பேரனின் பயிற்சியாளரிடம் கேட்டேன். அவர் மூன்று காரணம் சொன்னார். முதலாவது உடம்பு. எதிரே நிற்பவர் பெரும்பாலும் ஏழெட்டு வருஷம் மூத்தவர். பத்துக் கிலோ கூடுதல் தசை இருக்கும். இரண்டாவது அறிவு. எப்போது தன் ஆளை விட்டுவிட்டு அடுத்தவருக்கு உதவப் போகலாம், எப்போது போகக்கூடாது என்பது நூறு முறை தப்புச் செய்தால்தான் தெரியும். அந்த நூறு தப்பும் எல்லோர் கண்ணெதிரேயும் கோலாக முடியும். மூன்றாவது துணை. பின்வரிசையில் ஆறு பேரும் ஒருவரையொருவர் நம்பி ஆட வேண்டும். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் அது வராது.

எதிர்க்கட்சி வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். என் மாணவன் தனியாக மெசேஜ் அனுப்பினான்: “டீச்சர், இது ஸ்கூல் இல்ல. அவங்க சம்பளம் வாங்கறாங்க. நாங்க காசு கட்டி மெம்பர் ஆகியிருக்கோம். கேக்கற உரிமை இருக்கு. எல்லாரும் வைட்டரிங் ஆக மாட்டாங்க. நிறைய பேர் மூணு வருஷத்துல காணாமப் போறாங்க.”

நியாயம்தான் தம்பி. நிறையப் பேர் காணாமல் போகிறார்கள் என்பது உண்மை. நீ சொல்லும் பையனும் போகலாம். ரான்ஸுக்கு ஐந்து வருஷம் ஆனது என்பதால் எல்லோருக்கும் ஐந்து வருஷம் கொடு என்று நான் சொல்லவில்லை; வைப்பதும் எடுப்பதும் பயிற்சியாளர் வேலை. கேட்கும் உரிமையும் உனக்கு உண்டு. ஆனால் நீ என்ன கேட்டாய்? “வேஸ்ட்” என்பது கேள்வியா? “பந்தையே பார்க்கிறான், ஆளைத் தொலைத்துவிடுகிறான்” என்று எழுது, அது விமர்சனம். “குத்தித் தள்ள வேண்டிய பந்தைப் பிடிக்கப் போகிறான்” என்று எழுது. நானும் சேர்ந்து தலையாட்டுகிறேன். “தேற மாட்டான்” என்பது ஆட்டத்தைப் பற்றிய வாக்கியமே கிடையாது. அது அந்தப் பையனின் வருங்காலத்தைப் பற்றிய ஜோசியம்.

நீ பார்க்காமல் விட்டதையும் சொல்கிறேன். போன வருஷம் உயரமான எதிராளி எதிரே நின்றால், பந்து வருவதற்குள் இந்தப் பையன் பின்னால் தள்ளப்பட்டிருப்பான். இந்த வருஷம் தள்ளப்படுவதில்லை. பிடிக்கத்தான் முடியவில்லை, பந்து தரையில் விழுகிறது. தரையில் விழுந்தால் அவன் தோழர்கள் அள்ளிக்கொண்டு போக வாய்ப்பு உண்டு. இதுதான் முன்னேற்றம். அடுத்த கட்டம் மார்க் பிடிப்பது. கோணல் மாணலாக எழுதுகிறவன் முதலில் கோட்டுக்குள் எழுதுவான். அதற்கப்புறம்தான் முத்து முத்தாக எழுதுவான். கோட்டுக்குள் வந்ததைக் கவனிக்காத வாத்தியார் என்ன வாத்தியார்?

இந்தக் கேள்வியை எனக்கும் கேட்டுக்கொள்ள வேண்டும். அதனால்தான் இந்தப் பதிவே.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். வாசிக்கத் தெரியாது. முதல் பருவம் அவன் முன்னேற்ற அட்டையில் “முன்னேற்றம் இல்லை” என்று எழுதினேன். இரண்டாம் பருவமும் அதே. மூன்றாம் பருவம் நாற்பத்தெட்டு அட்டை. சனிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். அவனை நிறுத்தி வாசிக்கச் சொல்லிக் கேட்காமல், மேல் வரியைப் பார்த்துக் கீழேயும் அதையே எழுதிவிட்டேன். ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவள்தான்.

அவன் அப்பா அட்டையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஆறாம் வகுப்புக்கு அனுப்பவில்லை, பட்டறையில் விட்டுவிட்டார். ஒரு வருஷம் கழித்துப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, எனக்கு எந்த பஸ் என்று பலகையைப் படித்துச் சொன்னான். தடுமாறாமல் படித்தான். “எப்படா கத்துக்கிட்ட?” என்றேன். “உங்க கிளாஸ்லதான் டீச்சர், முழுப்பரீட்சைக்கு முன்னாடி வந்துருச்சு” என்றான்.

அவனுக்கு என் மேல் கோபம் இல்லை. அவன் இந்தப் பதிவைப் படிக்க வாய்ப்பும் இல்லை. அந்த அட்டையில் என் கையெழுத்து இருக்கிறது.

ஆகையால் “பொழுதுபோக்குக்குப் பேசுறோம், இதுல என்ன இருக்கு” என்று என்னிடம் சொல்ல வேண்டாம். என்ன இருக்கிறது என்றும் சொல்கிறேன். என் பேரனுக்குப் பதின்மூன்று வயது. உயரம் கூடிவிட்டதால் அவன் அணியில் இந்த வருஷம் ஃபுல் பேக்கில் நிறுத்தினார்கள். ஆரம்பத்தில் குஷியாகத்தான் போனான். வாட்ஸ்அப் சண்டை நடந்த அன்று இரவு, அவன் அப்பா சோபாவில் உட்கார்ந்து எல்லா மெசேஜையும் உரக்கப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இவன் பக்கத்து அறையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இவன் ஆள் நான்கு கோல் போட்டான். திரும்பி வரும்போது காரில், “அம்மம்மா, எனக்கு பேக்ல ஆட வேண்டாம்னு கோச்கிட்ட சொல்லப் போறேன்” என்றான். ஏன் என்று கேட்டதற்கு, “அங்க நின்னா எல்லாரும் திட்டுவாங்க” என்றான்.

மாப்பிள்ளை, அந்த நேரம் நீங்கள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். நீங்களும் கேட்டீர்கள். பதில் சொல்லவில்லை. அவனைத் திட்டியதே இல்லை என்று நீங்கள் சொல்லலாம், உண்மைதான். அவனைவிட ஏழு வயது மூத்தவனைத் திட்டினீர்கள். பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

முன்னேறுகிறவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு ஆட்டம் நன்றாக ஆடியதும் “அடுத்த சில்வாக்னி” என்று எழுதுகிறீர்கள். ஸ்டீபன் சில்வாக்னி 1996-ல் அறிவித்த நூற்றாண்டு அணியின் ஃபுல் பேக். இருபது வயதுப் பிள்ளையின் முதுகில் அந்த மூட்டையை ஏற்றிவிட்டு, மூன்றாவது ஆட்டத்தில் அவன் சறுக்கினால் முதலில் கல்லெறிகிறவர்களும் நீங்கள்தான்.

டீச்சர் என்ற முறையில் மூன்று வீட்டுப்பாடம் தருகிறேன்.

ஒன்று: அடுத்த ஆட்டத்தில் ஒரு கால் பகுதி முழுவதும், 20 நிமிஷம், பந்தைப் பார்க்காமல் அந்தத் தடுப்பாட்டக்காரரை மட்டும் பாருங்கள். எத்தனை முறை குத்தினார் என்று எண்ணுங்கள்.

இரண்டு: குறை சொன்னால் செயலைச் சொல்லுங்கள். ஆளைப் பற்றித் தீர்ப்பு எழுதாதீர்கள்.

மூன்று: “அப்பவே சொன்னேன்” என்று எழுதுவதற்கு முன்னால், அப்போது என்ன எழுதினீர்கள் என்று பழைய மெசேஜைத் தேடிப் பாருங்கள். அதில்தான் பலருக்கு வெட்கம் வரும். எனக்கு வந்தது, அழிக்க முடியாத அட்டையில் வந்தது.

பேரனிடம் இன்னும் ஒரு ஆட்டம் மட்டும் பின்னால் நில், அப்புறம் உன் இஷ்டம் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. நான் அவன் கம்பத்துக்குப் பின்னால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நோட்டோடு நிற்பேன். கோல் கணக்கைப் பலகையில் எழுதுவார்கள். நான் அவன் குத்துகளை எழுதுவேன். மாப்பிள்ளை, நீங்களும் வாருங்கள். ஃப்ளாஸ்க்கில் காபி கொண்டு வருகிறேன். என் மாணவன் வந்தால் அவனுக்கும் உண்டு, ஆனால் முதல் வீட்டுப்பாடத்தைச் செய்துவிட்டு வர வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்